வரிச்சலுகையா, நேரடி மானியமா?

ஒரு தொழிலை வளர்க்கவோ மக்களைச் சேமிக்கத் தூண்டவோ அரசு கருவூலத்திலிருந்து பணம் கொடுக்கலாம்; அல்லது வரவேண்டிய வரியை விட்டுக்கொடுக்கலாம். கணக்கில் இரண்டும் செலவுதான். அமெரிக்க நிதித்துறை அதிகாரி ஸ்டான்லி சர்ரே 1967-இல் இரண்டாவதற்கு ‘வரிச் செலவு’ என்றே பெயர் வைத்தார்.

மானியம் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தலைகாட்டும். கேள்வி எழும், வெட்டும் விழும். சலுகையோ சட்டத்துக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், பெரும்பாலும் மறு வாக்கெடுப்பே இல்லாமல் பல ஆண்டுகள் ஓடும்.

பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் எனக்குக் கோபம். 1,00,000 வருமானக் கழிவு (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை), 30 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு 30,000 மிச்சப்படுத்தும். 10 சதவீதத்தில் இருப்பவருக்கு 10,000. வரி வரம்பையே எட்டாத ஏழைக்கு ஒன்றுமில்லை. இதே வடிவில் ஒரு மானியத் திட்டத்தை எந்த அரசாவது வெளிப்படையாக அறிவிக்குமா?

சலுகையில் தனி விண்ணப்பம் இல்லை, அதிகாரியின் தயவு வேண்டியதில்லை; அது பெரிய வசதி. ஆனால் ஓட்டையும் அங்கேதான் விழுகிறது. சட்ட வாசகத்துக்குப் பொருந்தினால் போதும். எப்படியும் செய்திருக்கக்கூடிய முதலீட்டுக்கும் வரி விலக்குக் கேட்கலாம். முடிவுத் தேதி குறிக்காத சலுகையை நான் ஏற்க மாட்டேன். எளியவர்களுக்கான உதவி என்றால், தயக்கமின்றி மானியமே.