மரத்தளம்: நான்கு ஆண்டுகளும் அறுபது திருகாணிகளும்

தேவிபட்டினத்திலிருக்கும் என் மைத்துனர் போன வாரம் தொலைபேசியில், "மச்சான், தோட்டத்தில் உங்கள் வீட்டில் இருப்பதைப் போல மரத்தளம் போடலாமென்று இருக்கிறேன், தேக்கு நல்லதா, வேங்கை நல்லதா?" என்று கேட்டார். மரத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நான்கு ஆண்டுகள் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்வதானால், கேட்க வேண்டியது மரத்தைப் பற்றியே அல்ல.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினத்தை அடுத்து, கடலிலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு தை மாதம் 12 அடிக்கு 10 அடியில் தளத்தைப் போட்டோம். மேலே தேக்குப் பலகை; கீழே வைரம் பாய்ந்த பழம்பனையின் சட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்து. அவை மண்ணைத் தொடாதபடி கருங்கல் துண்டுகளின்மேல் நிற்கின்றன. மரத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பலகைகள் எண்ணெய் காணாமலேயே வெளுத்து, கரையில் ஏற்றிவைத்த பழைய வள்ளத்தின் நிறத்துக்கு வந்துவிட்டன. வெடிப்பு என்று சொல்லத்தக்கது ஓரங்களில் இரண்டோ மூன்றோதான். பனஞ்சட்டத்தைக் கறையான் தொடவில்லை. சித்திரை வெயிலில் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் கால்வைக்க முடியாத நண்பகலிலும் இதில் செருப்பில்லாமல் நடக்கலாம். இவ்வளவு போதும், இனித் திருகாணிக்கு வருகிறேன்.

ஒரு சட்டத்துக்கு இரண்டு வீதம் ஒரு பலகைக்கு 20 திருகாணிகள்; 23 பலகைகளுக்கு 460. ஆசாரி முதலில் 400 வாங்கச் சொன்னார், வாங்கினேன். தோட்டத்து ஓரத்திலிருந்து தொடங்கி வீட்டுச் சுவரை நோக்கி வந்தவர், கடைசி மூன்று பலகைகளுக்கு வந்தபோது கையிருப்பு தீர்ந்துவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் அருகிலிருந்த வன்பொருள் கடைக்கு வண்டியில் ஓடி, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேண்டுமென்று கேட்டு, எஸ்.எஸ். என்று சொல்லித் தந்த அறுபதை வாங்கிவந்தேன். இரண்டும் ஒரே பளபளப்பாகவே இருந்தன.

இரண்டாம் ஆண்டே அந்த மூன்று பலகைகளில் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் நீலங்கலந்த கறுப்பு வளையம் விழத் தொடங்கியது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் உண்டாகும் கறை அது; அந்தக் காலத்தில் எழுதுமை காய்ச்சியதும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்துத் தேய்த்தால் வளையம் மறைந்துவிடுகிறது, ஆனால் இரும்பு உள்ளே இருக்கும்வரை இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. நான் மூன்று முறை தேய்த்துவிட்டுச் சலித்தேன்.

போன மாதம் பலகை ஆடுகிறதென்று கழற்றப்போனபோதுதான் உண்மை விளங்கியது. அறுபதில் 37-க்குத் திருப்புளியைக் கொடுத்துச் சற்று அழுத்தியதுமே தலை ஒடிந்து கையோடு வந்துவிட்டது. பலகையைத் தூக்கிய பிறகு, பனஞ்சட்டத்தில் துருப்பிடித்த தண்டுகள் வரிசையாக நட்டுக்கொண்டு நின்றன. அவற்றைக் குறட்டால் பிடித்துத் திருகித் திருகி எடுத்தோம். பனை நார் இறுக்கிப் பிடித்திருந்த பதினான்கு வரவே இல்லை; மட்டமாக அறுத்துவிட்டு, ஓர் அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டோம். ஆசாரி தம் பையிலிருந்த காந்தத்தை ஒடிந்த தலைகளின்மேல் காட்டினார். எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. முதலில் வாங்கிய 400-இல் ஒன்றைக் காட்டினால் காந்தம் கண்டுகொள்ளவே இல்லை.

எஸ்.எஸ். என்ற இரண்டெழுத்தின்மேல் எனக்குள்ள கோபத்தை இங்கே முழுதாக இறக்கிவைக்க அனுமதியுங்கள். அந்தப் பெயரில் விற்பவற்றில் 410 என்றொரு வகை உண்டு. சுமார் 12 விழுக்காடு குரோமியம் கலந்த, கெட்டியான, காந்தத்தில் ஒட்டும் எஃகு. உள்நாட்டு ஊர்களில் கூரைத்தகடு அடிக்க அது போதும், கடற்கரைக்கு ஆகாது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் கடற்காற்றில் அதுவும் தேநீர் நிறத்தில் கறைபடும். இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316-தான் இந்தக் கரைக்கு உகந்தது. 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. 410-ஐ மட்டும் அரை நொடியில் கண்டுபிடித்துவிடலாம். சட்டைப் பையில் ஒரு காந்தம் இருந்திருந்தால் எனக்கு இந்த வேலையே வந்திருக்காது.

கடைக்காரர்மேல் மட்டும் பழிபோடுவது நியாயமாகாது. அந்த மூன்று பலகைகளும் வீட்டுச் சுவரை ஒட்டி, தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தெற்கேயிருந்து வரும் உப்பு எல்லாப் பலகைகள்மேலும் படிகிறது. வெளியே கிடப்பவற்றை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடுகிறது, தாழ்வாரத்துக்குள் இருப்பவற்றில் உப்பு அப்படியே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, இரவெல்லாம் இரும்பை நனைத்துக்கொண்டிருக்கிறது. மழை படாத இடம்தான் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். இதற்குமேல், தளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஓராண்டு முழுக்க வாரந்தோறும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவியவனும் நான்தான். எங்கள் பகுதியில் அந்தத் தண்ணீர் உப்பு; அதில் சோறு வடிக்க முடியாது. காவிரிக் குடிநீர் குடத்துக்கே எண்ணி வரும்போது தளத்துக்கு யார் கொடுப்பது?

இந்தக் கரையின் இரும்பைப் பற்றி எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றுவதே ஓயாத வேலையாக இருந்ததை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பழைய பாலத்தைப் பலமுறை கடந்தவன்தான் நான், ஆனாலும் பொழுது சாய்கிறதென்று கையில் கிடைத்ததை வாங்கிவந்தேன்.

சரிசெய்வதற்கு 316 திருகாணிகள் ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் படகுச் சாமான் விற்கும் கடையில் நூறு வாங்கினேன். ஒன்றின் விலைக்குப் பழைய திருகாணி நான்கு வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே துளைபோட்டு முடுக்கியதால் ஒன்றுகூட ஒடியவில்லை, தளம் இப்போது அசையாமல் நிற்கிறது. நேற்று மாலை கொண்டல் காற்று வீச, பேரப்பிள்ளைகள் அதன்மேல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தபோது, இந்த வீட்டில் இதைவிட நல்ல இடம் இல்லையென்றே எனக்குத் தோன்றியது.

இருந்தும் மைத்துனரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கடப்பைக்கல் பதித்துவிடுங்கள், அதில் முடுக்க எதுவுமில்லை என்றேன். என் மனைவிக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, தன் தம்பிக்கு மறுபடி பேசியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவர் தேக்குப் பலகைக்கு விலை கேட்டு வைத்திருக்கிறாராம். நூற்றில் மிஞ்சிய நாற்பது திருகாணிகள் என் அலமாரியில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. பழைய 400-இல் சிலவற்றின் தலையில் தேநீர் நிறம் ஏறத் தொடங்கியிருப்பதால், அந்த நாற்பதை அவருக்குக் கொடுப்பதற்கில்லை.