எஸ்க்யூலைட்: கமென்ட்டுகளையும் ஆவணங்களையும் வாசித்தவரின் மதிப்புரை

ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆகிய இரண்டிலும் உள்ளிருந்து இயங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார். அதன் வேகத்தையும் திறனையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. மூல நிரலுக்குள், கணினிக்காக அல்லாமல் வாசிப்பவருக்காக எழுதப்படும் குறிப்புகளான கமென்ட்டுகளையும் திட்டத்தின் தளத்திலுள்ள ஆவணங்களையும் மட்டுமே இங்கே எடைபோடுகிறேன். நிரல், ஆவணம் இரண்டின் மீதும் ஆசிரியர்கள் பதிப்புரிமையைத் துறந்துவிட்டார்கள். சட்ட வாசகம் இருக்க வேண்டிய இடத்தில், நன்மை செய்யவும் பிறரை மன்னிக்கவும் கொடுப்பதைவிட அதிகமாக எடுக்காமல் இருக்கவும் வாழ்த்தும் சிறிய ஆசிமொழி ஒன்று பெரும்பாலான கோப்புகளின் தலைப்பில் நிற்கிறது.

கமென்ட்டின் தீராத நோய், நிரல் மாறிய பின்னும் அது மாறாமல் கிடப்பது. எஸ்க்யூலைட் இதற்கு வைத்திருக்கும் மருந்து எளியது: பிற நிரல்கள் எஸ்க்யூலைட்டை அழைக்கும் இடைமுகத்தின் ஆவணத்தைத் தனியாக எழுதுவதில்லை. சி மொழி இடைமுகத்தின் தலைப்புக் கோப்பில், செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) அறிவிப்புகளுக்கு மேலே ஓர் அடையாளச் சொல்லுடன் தொடங்கும் நீண்ட கமென்ட் இருக்கிறது. தளத்தில் நாம் படிக்கும் இடைமுக விளக்கப் பக்கங்கள் அந்தக் கமென்ட்டுகளிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. செயற்கூற்றின் அறிவிப்பைத் திருத்துபவரின் கண்முன்னேயே அதன் விளக்கமும் கிடப்பதால், அதை மறந்துவிட்டுப் போவது கடினம்.

இதே முறை, எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியின் கட்டளைகள் பைட்கோடாக, அதாவது சிறு இடைநிலைக் கட்டளைகளாக, மாற்றப்பட்ட பின் அவற்றை இயக்கும் மெய்நிகர் பொறிக்கும் நீள்கிறது. ‘விடிபிஇ.சி’ கோப்பில் ஒவ்வொரு கட்டளைக் குறியீட்டுக்கும் முன்னால், அது எந்த உள்ளீடுகளை எடுத்து என்ன செய்கிறது என்று ஒரு கமென்ட் சொல்கிறது; குறியீடுகளின் முழு அட்டவணையும் தளத்தில் அதிலிருந்தே பிறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கமென்ட்டுகள் பலவற்றில் ஒருவரிச் சுருக்கம் ஒன்று உண்டு. நிரலைத் தொகுக்கும்போது அதற்குரிய விருப்பம் இயக்கப்பட்டிருந்தால், ஒரு வினவல் எப்படி இயங்கும் என்று ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையால் கேட்கும்போது அந்தச் சுருக்கம், உரிய பதிவக எண்கள் (மதிப்புகளைத் தாங்கும் இடங்களின் எண்கள்) நிரப்பப்பட்டு, வெளியீட்டின் கடைசி நெடுவரிசையில் வந்து நிற்கிறது. நிரலாளர் தமக்காக எழுதிய குறிப்பு, நிரலை ஒருபோதும் திறக்காத பயனருக்கும் படிக்கக் கிடைக்கிறது. வேறு எந்தத் திட்டத்திலும் கமென்ட்டுக்கு இவ்வளவு வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சிறப்பு, காரணத்தை எழுதிவைக்கும் பழக்கம். தற்காலிகக் கோப்புகளின் பெயர், எஸ்க்யூலைட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு முன்னொட்டுடன் தொடங்கும். கமென்ட் இல்லாவிட்டால் இதைப் பார்ப்பவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து மாற்றிவிடக்கூடும். ஆனால் அந்த வரிக்கு மேலே 2006 அக்டோபர் 31 என்ற தேதியிட்டு முழுக் கதையும் இருக்கிறது: மெக்காஃபி தன் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளில் எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும், விண்டோஸ் பயனர்களின் தற்காலிகக் கோப்புறையில் எஸ்க்யூலைட் என்ற பெயர் கொண்ட கோப்புகள் தோன்றின, எரிச்சலடைந்தவர்கள் பெயரைக் கூகுளில் தேடி, நிரலாளர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் எழுப்பித் திட்டினார்கள், அதனால் பெயர் திருப்பிப் போடப்பட்டது. எப்படிச் செய்கிறது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் செய்கிறது என்பதை இப்படி எழுதிவைத்தால்தான் உண்டு.

கமென்ட் என்ற பெயரில் வராத கமென்ட்டுகளும் உண்டு. ஒரு நிபந்தனை ‘ஆல்வேஸ்’ அல்லது ‘நெவர்’ என்ற மேக்ரோவுக்குள் (தொகுக்கும்போது நிரலாக விரியும் சுருக்கப் பெயர்) சுற்றப்பட்டிருந்தால், அது எப்போதும் உண்மை அல்லது ஒருபோதும் உண்மையாகாது என்று ஆசிரியர் நம்புகிறார் என்பது வாசகனுக்கு விளங்கிவிடுகிறது. பிழைதிருத்தத்துக்கான தொகுப்பில் அந்த நம்பிக்கை பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே இந்தக் குறிப்பு பழையதாகிவிட்டால், ஒவ்வொரு சோதனை ஓட்டமும் அதைக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு.

தளத்திலுள்ள ஆவணங்களின் பெரிய பலம் அவற்றின் நேர்மை. ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியில் வெற்று மதிப்பைப் பொதுவாக அனுமதிப்பது ஆரம்பகாலப் பிழையிலிருந்து வந்தது என்றும், திருத்தினால் ஏற்கெனவே அதை நம்பியிருக்கும் தரவுத்தளங்கள் உடையும் என்பதால் அப்படியே விட்டுவைத்ததாகவும் ஒரு பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஓர் அட்டவணை மற்றொன்றின் பதிவைச் சுட்டுவதைச் சரிபார்க்கும் அயல் சாவிக் கட்டுப்பாடு இயல்பாக அணைந்திருப்பதையும் அதே பக்கம் ஒளிக்காமல் சொல்கிறது. எந்தச் சூழ்நிலையில் தங்கள் மென்பொருளை விட்டுவிட்டு வேறொரு தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விளக்கவே மற்றொரு பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முழு ஆவணத் தொகுப்பையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கி இணையமில்லாமல் படிக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. மாறிகள் பலவற்றின் பெயர்கள் ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும் சுருங்கியிருப்பதால், கமென்ட் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கண் மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கிறது. வினவலுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்கும் திட்டமிடல் பகுதியில், ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் விளக்கம் இருந்தும், முழுச் சித்திரம் பிடிபடுவதில்லை. அங்கே கமென்ட்டுகள் ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டுகின்றனவே தவிர, புதியவருக்குக் கற்பிப்பதில்லை. தளத்தின் தொடக்கநிலைப் பக்கமும் மிகச் சுருக்கமானது. எஸ்க்யூஎல் அறியாதவருக்கு அதனால் பயனில்லை. இவற்றையெல்லாம் விளக்கம் எழுதி மேம்படுத்தலாம் என்று யாராவது முன்வந்தாலும் தடை இருக்கிறது: மூலம் திறந்திருந்தாலும் பங்களிப்பு திறந்திருக்கவில்லை என்பது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஒரே சிறு குழு எழுதுவதால் நடையும் தரமும் சீராக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியிலிருந்து வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பது அந்தக் குழுவுக்கு எளிதில் தெரியாமல் போவதும் அதனால்தான் என்று எண்ணுகிறேன்.

வாசிக்க விரும்புபவர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளை ஒன்றாக அடுக்கிய ஒற்றைக் கோப்பைத் திறக்க வேண்டாம். அது தொகுப்பியின் (கம்பைலர்) வசதிக்கானது. தனித்தனிக் கோப்புகளைக் கொண்ட மூல மரத்தை எடுத்துக்கொண்டு, ‘பிட்ரீஇன்ட்.எச்’ கோப்பின் தொடக்கக் கமென்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தரவுத்தளக் கோப்பின் முதல் 100 பைட்டுகளில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்பதிலிருந்து, அந்தக் கோப்பு பிரிக்கப்பட்டிருக்கும் பக்கங்களின் உள்ளமைப்பு வரை அது சொல்லிச் செல்கிறது. உங்களிடமுள்ள ஏதேனும் ஒரு தரவுத்தளத்தை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்துவைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் சரிபார்த்துக்கொள்ளலாம்.