அயன் சேம்பரா, குறைகடத்தி உணரியா? எக்ஸ்ரே அளவீட்டில் திருத்தம் யார் கையில்?

யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே இயந்திரங்களைச் சோதிக்க ஓர் அளவுக்கருவி வாங்குவதென்றால், போட்டி இரண்டுக்கு இடையில்தான்: கதிர் பட்டு உள்ளே உள்ள காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தைச் சேர்த்து அளக்கும், காற்றுக்குத் திறந்த அயன் சேம்பர்; சிலிக்கன் போன்ற திண்மத்தால் அளக்கும், கையடக்கமான குறைகடத்தி உணரி. பின்னதை விற்க வருபவர்கள் "இதுக்குத் திருத்தக் காரணியே (வாசிப்பைச் சரிசெய்யப் பெருக்கும் எண்) தேவையில்லை" என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

சேம்பருக்குள் இருப்பது அறைக் காற்று. சூடேறினால் அடர்த்தி குறையும், சேரும் மின்னூட்டமும் குறையும். அளவுத்திருத்தச் சான்றிதழ் 20 பாகை செல்சியஸ், 101.3 கிலோபாஸ்கலுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏசி ஓடாத சித்திரை மத்தியானம், 30 பாகை, 101.0 கிலோபாஸ்கல். 303.15ஐ 293.15ஆல் வகுத்து, 101.3/101.0ஆல் பெருக்கினால் திருத்தக் காரணி 1.037. ஏசி ஓடி 24 பாகைக்கு வந்தால் 1.017. மொத்த நிச்சயமின்மையே 7 சதவீதத்துக்குள் நிற்கவேண்டிய வேலையில், திருத்தாமல் விட்ட 3.7 சதவீதம் பாதியைத் தின்றுவிடும்.

ஆனாலும் இது கண்ணுக்குத் தெரியும் திருத்தம். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய மண், அழுத்தம் பெரிதாக ஆடாது. அதே சேம்பரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அழுத்தம் 81 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கும். திருத்தாவிட்டால் ஐந்திலொரு பங்கு குறைத்துக் காட்டும். வானிலைச் செயலி காட்டும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண் என்பதால் அங்கே உதவாது, இங்கே பரவாயில்லை.

ஏசி காரிலிருந்து இறக்கிய சேம்பரைச் சற்றுநேரம் அறையில் வைக்கவேண்டும். நமக்குத் தேவை அதன் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை. மின்னூட்டத்தை அளந்து காட்டும் மின்மானி தானாகவே திருத்துகிறதா என்றும் பாருங்கள், இல்லையேல் ஒரே திருத்தம் இரண்டு தரம் விழும். மாரி ஈரத்தில் கசிவு மின்னோட்டத்தையும் கவனிக்கவேண்டும்.

சரி, குறைகடத்தி? திண்மம் என்பதால் காற்றின் அடர்த்தி பற்றிய கவலை இல்லை. ஆனால் சிலிக்கனின் அணுவெண் 14, காற்றின் பயனுறு அணுவெண் 8க்கும் குறைவு. தாழ்சக்திக் கதிர்களைச் சிலிக்கன் காற்றைவிட மிக அதிகமாக உறிஞ்சும், ஆகவே எக்ஸ்ரே குழாயின் கிலோவோல்ட்டும் கதிர் கடந்துவரும் வடிகட்டியும் மாற வாசிப்பும் மாறும். இதைச் சமாளிக்க, வெவ்வேறு வடிகட்டிகளின் கீழ் பல டயோட்களை வைத்து, மென்பொருளே திருத்தம் போடுகிறது. திருத்தம் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. மார்பகப் படக் கருவியின் மொலிப்டினம் இலக்குக்கு (குழாயில் எக்ஸ்ரே பிறக்கும் உலோகம்) டங்ஸ்டன் என்று தெரிவுசெய்துவிட்டால், தவறான எண் அழகாகத் திரையில் நிற்கும்.

பின்சிதறலிலும் இரண்டும் ஒத்துப்போகாது. பல உணரிகளின் முதுகில் ஈயம் இருப்பதால் மேசையிலிருந்து திரும்பும் கதிரை அவை காண்பதில்லை. சேம்பர் அதையும் சேர்த்து எண்ணும். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று பழுது என்று முடிவுகட்டவேண்டாம்.

தெல்லிப்பளை, பருத்தித்துறை என்று சுற்றும் வழமையான சோதனைக்கு நான் குறைகடத்தியைத்தான் வாங்குவேன். ஒரே சொடுக்கில் கிலோவோல்ட், அரைமதிப்புத் தடிப்பு (கதிரைப் பாதியாக்கும் உலோகத் தடிப்பு), நேரம், கதிர் அளவு எல்லாம் வந்துவிடும். ஆனால் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு சேம்பரை இரவல் வாங்கி, மேசையிலிருந்து நன்கு உயர்த்தி, 50, 70, 120 கிலோவோல்ட்டில் ஒப்பிடுவேன். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் உணரி அளவுத்திருத்தத்துக்குப் போகவேண்டும். உணரியின் பட்டியலில் இல்லாத வடிகட்டி என்றால், சேம்பர்தான்.