கழுத்து சைசிங்கா, முழு சைசிங்கா? போல்ட் மூட மறுக்கும்போது பார்க்க வேண்டியவை

தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியை இறக்கினால் பாதி வழியில் முரண்டு பிடிக்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் திரும்ப நிரப்பி ரைஃபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா செய்கிறவர்கள் அடிக்கடி புலம்பும் கோளாறு இது. அமெரிக்காவில் இது வீட்டு கராஜில் நடக்கும் சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் இங்கே பேசுவது அந்த ஊர்ப் பழக்கத்தைப் பற்றி மட்டும்.

சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ் விரிந்து, குழலில் அது உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மயிரிழை அளவு சுருங்கும். வெளியே வரும் கேஸ் அந்தத் துப்பாக்கிக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். அதைத் திரும்பப் பயன்படுத்த இரண்டு வழி உண்டு. குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கி விட்டுவிடலாம், இது கழுத்து சைசிங். இல்லையென்றால் உடம்பு, கழுத்தை நோக்கிச் சரியும் தோள், கழுத்து மூன்றையும் டை என்கிற அச்சுக்குள் அழுத்திச் சிறிதாக்கலாம், இது முழு சைசிங்.

கழுத்து சைசிங் பார்க்க ரொம்பக் கவர்ச்சியாக இருக்கும். பித்தளையை அதிகம் கசக்காததால் கேஸ் கூடுதல் நாள் உழைக்கும். கழுத்தைச் சுற்றிலும் கவ்வி இறுக்கும் லீ நிறுவனத்தின் காலெட் டை வைத்திருந்தால் மெழுகு தடவும் வேலையே இல்லை, கேஸ் டைக்குள் சிக்கும் பயமும் இல்லை. ஆனால் சில முறை சுட்டதும் உடம்பும் தோளும் விரிந்த இடத்திலேயே நின்றுவிடும், போல்ட் இறுகத் தொடங்கும். வெடிமருந்து வீரியமாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். கடைசியில் முழு சைசிங் டையைத்தான் தேட வேண்டும். மான் வேட்டையில் இரண்டாவது தோட்டா உள்ளே போகாமல் நிற்கிற அனுபவத்துக்கு இந்தச் சேமிப்பு ஈடாகாது என்பது என் எண்ணம். ஏஆர்-15, எம்1 கேரண்ட் போன்று அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. போல்ட்டை மூடுவது வெறும் ஸ்பிரிங் விசை. இறுக்கமான கேஸை அது முழுதாக உள்ளே தள்ளாது.

முழு சைசிங் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, கேஸ் சீக்கிரம் செத்துப்போகிறது என்பது. குற்றம் முறையில் இல்லை, டையை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை டை தொடும்வரை திருகு, அதற்கு மேல் கொஞ்சம் திருகு என்று பல டைகளின் குறிப்புத்தாள் சொல்லும். அப்படிச் செய்தால் பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். அடுத்த முறை சுடும்போது கேஸ் அந்த இடைவெளியை நிரப்ப நீளும், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் உஷாராக வேண்டும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கேஸின் உள்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். வளையம் இருக்கும் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த கேஸை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை அது சேம்பருக்குள் இரண்டு துண்டாகலாம்.

தீர்வு எளிது. அளவுகோலான காலிப்பரில், தோளில் உட்காரும் கம்பாரேட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி, சுட்ட கேஸில் தோள் நிற்கும் இடத்தை அளக்க வேண்டும். பல முறை சுட்ட கேஸாக இருந்தால் நல்லது, ஒரே முறை சுட்டது முழு நீளத்துக்கு வந்திருக்காது. பிறகு டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்வாங்கும் இடத்தில் பூட்டிவிடலாம். செமி ஆட்டோமேட்டிக் என்றால் 0.003 முதல் 0.004. இப்படி அமைத்த முழு சைசிங்கில் கேஸின் ஆயுள் கழுத்து சைசிங்கைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. துப்பாக்கியை மேஜையில் தாங்கி வைத்து, குண்டுத் துளைகள் மிக நெருக்கமாக விழப் போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட் காரர்களிலும் பெரும்பாலோர் இன்று இந்தப் பக்கம்தான்.

மற்ற புகார்கள் சில்லறை. கேஸ் டைக்குள் சிக்கினால் மெழுகு போதவில்லை. தோளில் சின்னப் பள்ளங்கள் விழுந்தால் மெழுகு அதிகம், அடுத்த முறை சுடும்போது அவை பெரும்பாலும் தானே நிமிரும். கழுத்து கோணலாக வந்தால், டைக்குள் கழுத்தின் உட்புறத்தை விரித்துச் சரிசெய்யும் எக்ஸ்பாண்டர் உருண்டை இழுக்கிறது. கழுத்தின் உள்ளே கொஞ்சம் மெழுகு தொட்டுப் பாருங்கள்.

சைசிங்கைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். சைஸ் செய்த வெற்று கேஸ் தாராளமாக உள்ளே போகிறது, குண்டு பொருத்திய பிறகுதான் போகவில்லை என்றால் சைசிங் டை நிரபராதி. பல சமயம் குண்டைப் பொருத்தும் சீட்டிங் டை தாழ்ந்து நின்று, கேஸ் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்க (கிரிம்ப் செய்ய) போய்த் தோளைப் பிதுக்கியிருக்கும். தோட்டா முழுக்க மார்க்கர் மையைப் பூசி, சுடுகளத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே வைத்து எடுங்கள். மை உரிந்த இடம் உண்மையைச் சொல்லும். போல்ட்டை மட்டும் அடித்து மூட வேண்டாம். கேஸ் நீளத்தையும் பாருங்கள்: .308 வின்செஸ்டருக்கு உச்சவரம்பு 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் வெட்டியே ஆக வேண்டும்.

கழுத்து சைசிங்குக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் பழைய லீ-என்ஃபீல்டு. போர்க்களச் சேறு உள்ளே போனாலும் வேலை செய்யட்டும் என்று அதன் .303 சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். கேஸை நிறுத்துவது தோளல்ல, அடி விளிம்பு. போல்ட் பூட்டும் முனைகளும் பின்னால் இருப்பதால் சுடும்போது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதில் ஒவ்வொரு முறையும் முழு சைசிங் செய்தால் சில சுற்றிலேயே பேப்பர் கிளிப் பள்ளத்தில் தட்டும். கழுத்தை மட்டும் தொட்டு, போல்ட் இறுகும்போது ஒருமுறை தோளை லேசாகத் தள்ளிக்கொடுத்தால் போதும். ஒரே வீட்டில் இரண்டு என்ஃபீல்டு இருந்தால் கேஸ் பெட்டிகளில் அதனதன் வரிசை எண்ணை எழுதி வையுங்கள், ஒன்றில் சுட்ட கேஸ் இன்னொன்றின் சேம்பரில் பொருந்தாமல் போகலாம்.