மேடு ஏறும் என்று சொல்லி விற்ற எலக்ட்ரிக் சைக்கிள்: மூன்று மாதச் சம்பளம் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கி 26 நாள். மோட்டாருக்குள் பல்சக்கரம் வழுக்குகிறது, நேற்று கடை கையை விரித்துவிட்டது. போனது மூன்று மாதச் சம்பளம். கடைப் பெயரைப் போடவில்லை. எலக்ட்ரிக் சைக்கிள் மட்டுமே விற்கிற பெரிய கடை, அவ்வளவுதான்.

"தினம் நாலு கிலோமீட்டர்தான், ஆனா பாதி தூரம் மேடு. ஏறுமா?" என்றுதான் கேட்டேன். விற்பனையாளர் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி த்ராட்டிலைத் திருகினார். சக்கரம் விர்ரென்று சுற்றியது. "பாத்தீங்களா சார்? 500 வாட்! மேடெல்லாம் இதுக்குச் சும்மா. இறக்கத்துல தானா சார்ஜும் ஏறிக்கும்." சுமையே இல்லாமல் அந்தரத்தில் சுற்றுகிற சக்கரம் எதையும் நிரூபிக்காது. அது தெரிந்தும் தலையாட்டினேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். ஓட்டிப் பார்த்ததுகூடக் கடை வாசலில் இருந்த சமதரையில்தான்.

கணக்கு இது. ஆள் 75 கிலோ, வண்டி 25 கிலோ, மொத்தம் 100. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் மேட்டில் இந்தச் சுமை பின்னுக்கு இழுக்கும் விசை 98 நியூட்டன். டயர் உராய்வைச் சேர்த்தால் நூறைத் தாண்டும். சக்கரத்தின் ஆரம் 0.34 மீட்டர் என்றால், அச்சில் 35 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) வேண்டும், மேடு முடியும்வரை விடாமல். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற ஏறக்குறைய 300 வாட் சக்கரத்தில் கிடைக்க வேண்டும். அவர் சொன்ன 500 என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்கும் உச்சம். மோட்டார் உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப்பின் ஓரத்தில் பொறித்திருந்தது 250, அதுதான் தொடர்ந்து தாங்கும் தொடர் வாட். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்!

ஹப் மோட்டார் சக்கரத்தோடு ஒரே விகிதத்தில் கட்டுண்டது. மேட்டில் சக்கரம் மெதுவானால் மோட்டாரும் மெதுவாகும். அப்போது பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகப் போகும். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் சூட்டில் இளகி, பல் தேய்ந்து வழுக்கும். எனக்கு நடந்தது இதுதான். பெடல் அச்சில் உட்காரும் மிட் டிரைவ் என்ற இன்னொரு வகை மோட்டாரின் விசையோ செயின், கியர் வழியாகப் போகிறது. கியரைக் குறைத்தால் வண்டி மெதுவாகப் போனாலும் மோட்டார் தன் வேகத்தில் சுற்றும்.

இனி கடையின் பதில்கள். முதல் வாரம்: "புது வண்டி சார், ஓட ஓட சரியாயிடும்." ஓட ஓட மோட்டாருக்கு விசை அதிகமாகாது. அடுத்து: "டயர்ல காத்து கம்மி." அளந்து காட்டினேன், சரியாக இருந்தது. அடுத்து: "நீங்க பெடல் பண்ணலியா?" எப்படிப் பண்ணுவது? செயின் ஓடும் பல்சக்கரம் முன்னால் 46 பல், பின்னால் மிகப் பெரியதே 28 பல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வண்டி மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகிற அமைப்பு. மேட்டில் 6 கிலோமீட்டரில் தவழும்போது முழங்கால்தான் போகும். முன்னால் 34, பின்னால் 42 இருந்தால் அந்த வேகத்திலும் இயல்பாக மிதிக்கலாம்.

பிறகு ஒரு வாரம் "சர்வீஸ் ஆள் லீவு". கடைசியில் நேற்று: "ஓவர்லோடு சார், வாரண்டில வராது." அவர்களே கொடுத்த கையேட்டில் 120 கிலோ வரை ஏற்றலாம் என்று இருக்கிறது. ஏறியவன் 75 கிலோ. மூன்று மாதச் சம்பளத்துக்கு இதுதான் பதில்.

இறக்கத்தில் சார்ஜ் ஏறும் என்றதுகூடப் பொய். பல்சக்கரம் வைத்த ஹப்பில் ஒருவழிக் கிளட்ச் உண்டு. வண்டி உருளும்போது மோட்டார் சுற்றாது, சுற்றாத மோட்டார் மின்சாரம் தராது. சுவிட்சை அணைத்துவிட்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். சக்கரம் லேசாக உருண்டால் அந்த வசதி இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மிதிக்கும் அழுத்தத்தை உணரும் டார்க் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். பெடல் சுற்றுவதை மட்டும் உணரும் சென்சார், மேட்டில் கிளம்பும்போது உதவிக்கு வராமல் கழுத்தறுக்கும். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்ட வேண்டும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். இறக்கத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மோட்டார் வகை, தொடர் வாட், முறுக்குவிசை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "எலக்ட்ரிக் சைக்கிள், கறுப்பு, 1".