விநியோகச் செயலி: ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பகுதிநேர வருவாய்க்கு இந்தச் செயலி பரவாயில்லை. இதை நம்பிக் கடனில் வண்டி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டுநரை ஊழியராக அல்லாமல் தனி ஒப்பந்ததாரராகச் சேர்ப்பதால், திரையில் தெரியும் தொகையிலிருந்து எரிபொருள், டயர் தேய்மானம், வண்டியின் மதிப்புக் குறைவு, வருமான வரி ஆகியவற்றை அவரேதான் கழித்துப் பார்க்க வேண்டும். உணவக வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கும் வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்துக்கும் எதுவும் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும்விட உறுத்துவது காப்பீடு: சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் காப்பீடுகள் பல, கூலிக்குப் பொருள் கொண்டுசெல்லும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தருவதில்லை, நிறுவனத்தின் காப்பீடோ, ஆர்டரை ஏற்றது முதல் ஒப்படைக்கும் வரைதான் செல்லும் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் (உருப்பெருக்கிப் படித்தால்) இருக்கிறது. செயலியில் ஓட்டுநரின் கணக்கு முடக்கப்பட்டால் வருமானம் அன்றே நின்றுவிடும். முறையிட்டாலும் தானியங்கிப் பதில்தான் வருகிறது.