ஹிமாலயன் 450-ஆ, கேடிஎம் 390 அட்வென்ச்சரா: குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள்

ஷோரூமில் பேச்சு 40 பிஎஸ் (குதிரைத்திறன்), 46 பிஎஸ் என்றுதான் தொடங்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 452 சிசி, 40 பிஎஸ், 5,500 ஆர்பிஎம்மில் 40 என்எம் டார்க் (முறுக்குவிசை). 2025-ல் புதிதாக வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர்: 399 சிசி, 46 பிஎஸ், 6,500-ல் 39 என்எம். காகிதத்தில் கேடிஎம் ஜெயித்தாயிற்று. ஆனால் இந்த வண்டிகளை வாங்கும் பலரின் மனதில் இருப்பது லடாக். அங்குள்ள கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல் அளவைக் குறைத்துச் சமாளிக்கும். இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? நாற்பதும் நாற்பத்தாறும் அந்த உயரத்தில் இருபது, இருபத்துமூன்று என்று இறங்கிவிடும். வண்டியின் எடை மட்டும் இறங்காது.

அதனால் எடையிலிருந்தே ஆரம்பிப்போம். பெட்ரோலோடு ஹிமாலயன் 196 கிலோ, 390 அட்வென்ச்சர் 183 கிலோ. வித்தியாசம் 13 கிலோ என்றாலும் அதில் இரண்டு கிலோ ஹிமாலயனின் பெரிய டேங்கில் கூடுதலாக நிற்கும் பெட்ரோல். மீதி 11 கிலோ தார்ச்சாலையில் தெரியாது. மணலில் மூன்றாவது முறை விழுந்து தூக்கும்போது தெரியும். விழாமல் யாரும் டிரெயில் (கரடுமுரடான மண்பாதை) ஓட்டுவதில்லை. அட்வென்ச்சர் ரைடர்கள் நடுவில் விழுவது அவமானமே இல்லை, தூக்கத் தெரியாததுதான் கேலிக்கு இடம்.

தூக்கும் முறை இதுதான்: இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பி, தரைப் பக்கத்து கிரிப் டேங்கை நெருங்கும்படி வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி சீட்டில் இடுப்பை ஒட்டி உட்காருங்கள். ஒரு கை கிரிப்பில், மறு கை பின்புறக் கம்பியில். முதுகை வளைக்காமல், கால்பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வாங்குமுன் இதை எதிர்பார்க்கும் லக்கேஜோடு ஒருமுறை செய்துபாருங்கள். வராவிட்டால் வண்டி பெரிது, அல்லது மூட்டை பெரிது. பெரும்பாலும் மூட்டைதான். இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, மேலே ஒரு டாப் பாக்ஸ் என்பது இப்போது அந்தஸ்து அடையாளமாகிவிட்டது. கீழே விழும்போது அந்தப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் மாட்டும் என்பதால் கரடுமுரடான பாதைக்குத் துணிப்பைதான் சரி. டாப் பாக்ஸில் கனம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி, 100 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் அலைபாயும்.

டேங்க் விஷயத்தில் ஹிமாலயனுக்கே ஓட்டு. 17 லிட்டருக்கு எதிரே கேடிஎம்மில் 14.5. மணாலி–லே பாதையில் டாண்டி பங்கில் இருக்கும் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ பலகையைப் படம் எடுக்காத ரைடர் குறைவு. லிட்டருக்கு 24 கி.மீ. கிடைத்தால் (ஏற்றமும் முதல் இரண்டு கியரும் அதற்கு மேல் விடாது) கேடிஎம் 348 கி.மீ. போகும், ஹிமாலயன் 408. நடுவே புதிதாகப் பங்க் வந்திருந்தாலும் அங்கே பெட்ரோல் இருக்கும் என்று எண்ணிக் கிளம்ப முடியாது. கேடிஎம்காரர் 5 லிட்டர் கேன் எடுத்தாக வேண்டும். எடையில் சம்பாதித்த 11 கிலோவில் நான்கு அங்கே போயிற்று.

அடுத்து முன்சக்கரம். நிஜமான தேர்வு இங்கேதான். ஹிமாலயனிலும் 390 அட்வென்ச்சரிலும் 21 அங்குல ஸ்போக் சக்கரம், அதன் இன்னொரு வகையான 390 அட்வென்ச்சர் எக்ஸில் 19 அங்குல அலாய். 21 கல்லின் மேல் உருண்டு ஏறும், 19 முட்டும். ஆனால் 21-க்கான 90/90 டயர் ஒல்லி. ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும் சோம்பலும் அதற்கு நாம் கொடுக்கும் விலை. வருடத்தில் மூன்று நாள் மண்ணிலும் மீதி நாளெல்லாம் தாரிலும் ஓட்டுபவருக்கு எக்ஸ்தான் பொருத்தம். இதைச் சொன்னால் ‘அப்போ அது அட்வென்ச்சரே இல்லையே’ என்பார்கள். சொல்லட்டும்.

ஸ்போக் என்றால் இன்னொரு கேள்வி: டியூபா, டியூப்லெஸ்ஸா? ஹிமாலயன் 450 முதலில் டியூபோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் பிறகு சேர்ந்தது. பழைய வண்டி வாங்கினால் ரிம்மைப் பாருங்கள். டியூப்லெஸ் பஞ்சர் சக்கரத்தைக் கழற்றாமல் பத்து நிமிட வேலை. டியூப் என்றால் ஆக்ஸில் ஸ்பேனர், மூன்று டயர் லீவர், பேட்ச், பம்பு, கூடவே ஒரு 21 அங்குல உபரி டியூப். அவசரத்துக்கு அதை மடித்துப் பின்சக்கரத்திலும் திணிக்கலாம். டிரெயிலுக்காகக் காற்றைக் குறைக்கும்போது டியூப் டயரில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். கல்லில் மோதும்போது ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். அலாயில் இந்தக் கவலை இல்லை, ஆனால் விரிசல் விட்டால் பயணம் முடிந்தது. ஸ்போக் ரிம்மை எந்த ஊர் மெக்கானிக்கும் ஓரளவு நேராக்கிவிடுவார். ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஒலிக்காமல் ‘டப்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

சஸ்பென்ஷன் பயணம் இரண்டிலும் 200 மிமீ அளவில்தான். கேடிஎம்மில் ஃபோர்க்கின் (முன் சஸ்பென்ஷன்) கம்ப்ரெஷன், ரீபவுண்ட், அதாவது அமுங்கும் வேகம், மீளும் வேகம் இரண்டையும் திருகி மாற்றலாம். எக்ஸின் ஃபோர்க்கில் அது கிடையாது, ஹிமாலயனில் பின்புற ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்கும் அளவு) மட்டும். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். பின்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலிலிருந்து நேர்மேலே ஒரு குறி வரை அளந்து, பிறகு லக்கேஜோடு ஏறி உட்கார்ந்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 60 மிமீ பக்கம் இருக்கட்டும். 80-க்கு மேல் போனால் ப்ரீலோடு ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் குழியில் அடி வாங்குவது உங்கள் முதுகு. செயின் தளர்வையும் அதே நேரம், ஆள் உட்கார்ந்தபடியே பாருங்கள். நின்ற வண்டியில் சரியாகத் தெரியும் செயின், நீண்ட பயணமுள்ள சஸ்பென்ஷன் அமுங்கியதும் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும்.

எலெக்ட்ரானிக்ஸில் கேடிஎம் எட்டாத தூரத்தில் நிற்கிறது: வளைவிலும் வேலை செய்யும் ஏபிஎஸ், சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல், கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் க்விக்‌ஷிஃப்டர். ஹிமாலயனில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க முடியும்; மண்ணிறக்கத்துக்கு அது போதும். எதில் ஓட்டினாலும், சாவியை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் ஏபிஎஸ் நிலையைத் திரையில் சரிபார்க்கவும். சேறு அப்பி வார்னிங் விளக்கு எரிந்தால் முதலில் சக்கர சென்சார் வளையத்தைக் கழுவுங்கள், பிறகு சர்வீஸ் சென்டருக்கு போன் செய்யலாம்.

விலை இடித்தால் சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ். 249 சிசி, 26.5 பிஎஸ், 167 கிலோ. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு உட்பட்டவற்றுக்கு ஜிஎஸ்டி 18%, மேற்பட்டவற்றுக்கு 40% என்று ஆனதால் விலை இடைவெளி நன்றாகவே விரிந்துவிட்டது. தனியாளாகச் சுற்ற அருமையான வண்டி. ஆனால் பின்சீட்டில் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கார்துங் லா ஏறுவதாக இருந்தால் மேலே போட்ட பாதிக் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்: 13 பிஎஸ்.

டெஸ்ட் ரைடில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். காலியான மைதானத்தில் முதல் கியரில், ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, நடக்கும் வேகத்தில் எட்டு போடுங்கள். கேடிஎம் அந்த வேகத்தில் அடிக்கடி கிளட்ச் கேட்கும், ஹிமாலயன் குறைவாகக் கேட்கும். ஹேண்டில்பார் குனியவைத்தால் எத்தனை மிமீ ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் துண்டு) வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொண்டு, டெலிவரிக்கு முன் போட்டுத்தரச் சொல்லுங்கள்.